முக்கோணத்துக்கு ஏழு நூல்

பிளான்காரருக்கும் அவர் தங்கைக்கும் பேச்சு கிடையாது. அதே சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இருவரும் போனில் பேசாமல் இருந்ததும் கிடையாது. இது எப்படி நடக்கும் என்று கேட்டால், நடுவில் மாப்பிள்ளை இருந்தார்.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், பரம சாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கை, "அங்க மழை பெய்யுதான்னு கேளுங்க" என்பாள். அது பிளான்காரர் காதில் கணீரென்று விழும். விழாத மாதிரி அவர் காத்திருப்பார். மாப்பிள்ளை, "மச்சான், அங்க மழை பெய்யுதான்னு கேக்குறா" என்பார். அதற்குப் பிறகுதான் பிளான்காரர் வாயைத் திறந்து, "பெய்யுதுன்னு சொல்லுங்க மாப்ள" என்பார். இத்தனைக்கும் இரண்டு வீடும் ஒரே ஊரில்தான். அங்கே பெய்கிற மழைதான் இங்கேயும் பெய்யும்.

வீடுகளுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் ஒன்றும் இருக்கிறது, கரண்ட் பில்லில் மட்டும் வரும். தங்கை பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். அவள் வீடு கட்டியபோது பிளான் போட்டது அண்ணன்தான். துணி வெட்டுவதற்கு ஒரு அறை, அதில் சுவருக்குச் சுவர் ஒரே மேஜை, வேறு எதுவும் வேண்டாம் என்று கேட்டிருந்தாள். அறை எட்டு அடி என்று பிளானில் இருந்தது. அவள் அதைப் பார்த்து, எட்டு அடிக்கு மேஜை செய்யச் சொன்னாள். மேஜை வந்தது. உள்ளே போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. செங்கல்லுக்குச் செங்கல் எட்டு அடி கணக்காகப் போட்டவர், சுவர்ப் பூச்சு இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் சாப்பிடும் என்பதை மறந்துவிட்டார்.

அந்த இடத்தில் "என் தப்புதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. தச்சர் நிற்கிறார், பெயின்டர் நிற்கிறார், பக்கத்து வீட்டுக்காரர்கள் நிற்கிறார்கள். நம் ஆள் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, "நீ அளந்து சொன்னது தப்பா இருக்கும்" என்றார்.

ஒரு தையல்காரியைப் பார்த்து வேறு எதை வேண்டுமானாலும் சொல்லலாம். சமையல் வாயில் வைக்க விளங்கவில்லை என்று சொல்லலாம், குரல் கர்ண கொடூரம் என்று சொல்லலாம், பொறுத்துக்கொள்வாள். அளக்கத் தெரியவில்லை என்று மட்டும் சொல்லக் கூடாது. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துச் சுருட்டிக்கொண்டு தங்கை உள்ளே போனாள். தச்சர் மேஜையை ஓரம் சீவி உள்ளே ஏற்றிவிட்டார். அன்று நின்ற பேச்சு நின்றதுதான்.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தார். வருஷங்கள் ஓடிவிட்டன. வெளியே வீம்பாகத்தான் இருப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனை வைத்தபிறகு, போட்ட கோட்டையே அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருப்பார். அவள் குரல் அவ்வளவு பக்கத்தில் வந்து, அவரைத் தாண்டி மாப்பிள்ளையிடம் போய்விடுவது அவருக்குத் தாங்கவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம் ஆரம்பித்தது.

"மச்சான், பொண்ணுக்கு வேலை கிடைச்சிருக்கு. ரொம்பக் குளிர்ற ஊராம். அதுக்கு இவ ஒரு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறா. சொந்தக்காரங்க ஒவ்வொரு வீட்லயும் ஒரு கட்டம் தைச்சுத் தரணும். துணிய வெட்டி ஒட்டுப் போட்டு அதுல ஒரு டிசைன் வரணும். தைச்சு முடிச்சா பன்னெண்டுக்குப் பன்னெண்டு இஞ்ச். எல்லாக் கட்டத்தையும் சேத்து இவ போர்வை ஆக்கிடுவா."

"மாமா வீட்டுக் கட்டம் இல்லாம போர்வைய எடுத்துட்டுப் போக மாட்டேன்னு பொண்ணு சொல்லிட்டா. அதனாலதான் கேக்குறேன்னு சொல்லுங்க" என்றாள் தங்கை பின்னாலிருந்து.

"பொண்ணு சொன்னதாலதான் கேக்குறாளாம்" என்றார் மாப்பிள்ளை.

"அளவு முக்கியம்னும் சொல்லுங்க."

மாப்பிள்ளை இந்த இடத்தில் கொஞ்சம் எச்சில் விழுங்கினார். "மச்சான், அளவை மட்டும், கொஞ்சம், பாத்துக்கணுமாம்."

பிளான்காரரின் காது மடல் சூடாகிவிட்டது. "பாத்துக்கிட்டாச்சுன்னு சொல்லுங்க மாப்ள" என்றார்.

போனை வைத்ததும் அவர் மனைவி, "துணி, நூலெல்லாம் வாங்கிக் கொடுத்துட்டா தெருமுனை டெய்லர் தைச்சுத் தந்துடுவாரு" என்றாள்.

"நான்தான் தைக்கப்போறேன்."

"நீங்களா? சட்டைப் பட்டன் அறுந்தா சேஃப்டி பின் குத்திக்கிட்டுப் போற ஆளு."

"நான்தான்."

அவர் மனதில் கணக்கு வேறு ஓடிக்கொண்டிருந்தது. கட்டம் பிசிறில்லாமல் பன்னிரண்டு அங்குலம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அவள் டேப்பை வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, நடுவில் யாரும் இல்லாமல், "நல்லா இருக்குண்ணா" என்று ஒரு வார்த்தை. அது போதும். அளவு பிசகினால் கதை கந்தல். அளக்கத் தெரியாதது யாருக்கு என்று உலகத்துக்கே தெரிந்துபோகும், அதற்குப் பிறகு அவள் பேசுவாள் என்று நினைப்பதில் அர்த்தமே இல்லை. இந்தப் பன்னிரண்டு அங்குலத்தில்தான் தன் தங்கை இருக்கிறாள் என்று அவர் உறுதியாக நம்பினார். மனைவியைத் தூது அனுப்பலாம் என்றால், அவள் நாத்தனாரோடு தினமும் மணிக்கணக்கில் பேசுகிறவள். ஆனாலும் "உங்க அண்ணன் தங்கச்சி பஞ்சாயத்துல என்னை இழுக்காதீங்க" என்று என்றைக்கோ கும்பிடு போட்டுவிட்டாள்.

வாசல் பக்கத்து அறைதான் அவர் ஆபீஸ். சாய்வான வரைபலகை, சுருட்டி வைத்த பிளான்கள் செருகிய பழைய வாளி, முனை தேயாத பென்சில்கள், முனை தேய்ந்த ரப்பர்கள். பலகையில் இருந்த யாரோ ஒருவருடைய மாடி வீட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, புதுத் தாளை ஒட்டினார். பன்னிரண்டு அங்குலத்தில் சதுரம். அதை நெடுக்கே நான்கு, குறுக்கே நான்கு. பதினாறு சின்னச் சதுரம், ஒவ்வொன்றும் மூன்று அங்குலம். நடுவில் இருக்கும் நான்கையும் சேர்த்து ஒரே பெரிய சதுரமாக்கினார். மூலைச் சதுரங்களை அப்படியே விட்டார். மிச்சம் இருந்த எட்டையும் மூலைக்கு மூலை கோடு போட்டு முக்கோணங்களாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு மஞ்சள், ஒரு பாதிக்கு நீலம். பென்சிலை வைத்துவிட்டுப் பார்த்தால் தாளின் நடுவில் எட்டு முனையோடு ஒரு நட்சத்திரம் உட்கார்ந்திருந்தது.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. இதோடு நிறுத்தியிருக்கலாம். பழகிய கை, சும்மா இருக்குமா? எல்லாப் பக்கமும் அம்புக்குறி போட்டு அளவு எழுதினார். கீழே வலது மூலையில் பெட்டி கட்டி, நிஜ அளவு, வரைந்தவர், சரிபார்த்தவர் என்று எழுதி இரண்டு இடத்திலும் தானே கையெழுத்துப் போட்டார். மேலே வடக்குத் திசையும் காட்டிவிட்டார்.

காபி கொண்டுவந்த மனைவி தாளை ரொம்ப நேரம் பார்த்தாள். "வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

அவர் அதற்குள் வேறு கவலைக்குப் போயிருந்தார். துணிக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மஞ்சளுக்குத் தன் சட்டை ஒன்றைத் தியாகம் செய்தார். மனைவிக்கு அந்தச் சட்டையைக் கண்டாலே ஆகாது என்பதால் அதில் சண்டை வரவில்லை. நீலத்துக்கு அவர் எதை வெட்டினார் என்பது, மத்தியானம் அவள் படுக்கப் போய், உறை இல்லாத தலையணையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை.

தையல் மிஷின் ஒன்று அந்த வீட்டில் இருக்கத்தான் செய்தது. இஸ்திரி போட்ட துணிகளை அடுக்குவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. துணிகளை இறக்கி, தூசி தட்டி, எண்ணெய் விட்டு, நூலைக் கோக்க உட்கார்ந்தார். ஊசியின் காது அவருக்குப் பிடிகொடுக்கவே இல்லை. "உன் நாத்தனார் வீட்டுக்காரர் கொடுத்த கண்ணாடி இது. பவரே சரியில்ல" என்றார். மனைவி வந்து, ஒரே தடவையில் கோத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள். சொல்லாமல் போனதுதான் அவருக்கு எரிச்சல்.

முதல் தடவை, தாளில் இருந்த அளவை அப்படியே துணியில் இறக்கினார். மூன்று அங்குலம் என்றால் மூன்று அங்குலம், மயிரிழை கூடாது குறையாது. கம்பீரமாக வெட்டினார். மேல்வரிசையை மட்டும் முதலில் தைத்தார். மூலைச் சதுரம், இரண்டு முக்கோணச் சதுரம், இன்னொரு மூலைச் சதுரம். பன்னிரண்டு அங்குலம் வர வேண்டிய வரிசையை ஸ்கேலில் வைத்தார். பத்து அங்குலம்கூட முழுசாக இல்லை. நட்சத்திரத்தின் முனைகள் தையலுக்குள் போய் ஒளிந்துகொண்டு, மூக்கறுந்து நின்றன.

"மிஷின் துணியத் தின்னுது" என்றார்.

"நல்லா எண்ணெய் விட்டீங்க இல்ல, பசி எடுத்திருக்கும்" என்றாள் மனைவி.

ஸ்கேலை மாற்றி அளந்தார். மனைவியின் டேப்பால் அளந்தார். சுவரில் ஆணி அடித்து வரிசையைத் தொங்கவிட்டு அளந்தார். அப்புறம் தைத்த வரிசையைப் பின்பக்கம் திருப்பினார். ஒவ்வொரு தையலுக்கும் அந்தப் பக்கம் கால் அங்குலம், இந்தப் பக்கம் கால் அங்குலம் என்று துணி மடங்கிப் படுத்திருந்தது. ஆக, தையலுக்கு என்று துணி விட்டிருக்க வேண்டும். சுவருக்குப் பூச்சு மாதிரி. இதை நினைத்த மாத்திரத்தில் அவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. எட்டு அடி மேஜை அப்படியே கண்முன் வந்து நின்றது. வரிசையைச் சுருட்டி, பிளான்கள் இருந்த வாளிக்குள் திணித்துவிட்டு, வெளியே போய் ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

வந்தவர் புது ஆளாக வந்தார். எல்லாத் துண்டுக்கும் சுற்றிலும் கால் அங்குலம் விட வேண்டும், அவ்வளவுதானே. மூன்று அங்குலச் சதுரத்தை மூன்றரையாக வெட்டினார். நடுவில் வரும் ஆறு அங்குலச் சதுரத்தை ஆறரையாக வெட்டினார். முக்கோணத்துக்கு, அதே மூன்றரைச் சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டினார். இரண்டாவது தலையணை உறையும் காலி. இந்தத் தடவை மனைவி வாயே திறக்கவில்லை, தன் தலையணையைத் தூக்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மூலைகள் தைத்தாயிற்று, முக்கோணங்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்தாயிற்று, நடுச் சதுரத்தோடு இணைக்கும் வேலைதான் பாக்கி. அங்கேதான் வினை. நடுச் சதுரம் ஏறக்குறைய முக்கால் அங்குலம் நீளமாக நின்றது. பக்கத்தில் வர வேண்டிய முக்கோண ஜோடி குட்டையாக இருந்தது. அளந்து வெட்டியது எப்படிப் பிசகும்? பிசகாது. துணிதான் ஏதோ கோளாறு செய்கிறது. இழுத்துப் பிடித்தால் வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து, நான்கு பக்கமும் தைத்து முடித்தார்.

எடுத்து மேஜைமேல் விரித்தார். அது விரியவில்லை. ஓரங்கள் எல்லாம் உள்ளே இழுத்துப் பிடித்திருக்க, நடுவில் மஞ்சள் சதுரம் உப்பிக்கொண்டு எழுந்து நின்றது. கையால் அமுக்கினார், அந்தப் பக்கம் எழுந்தது. இஸ்திரி போட்டார். ஆவி பறக்க இன்னும் நன்றாக எழுந்தது.

மனைவி வந்தாள். கட்டத்தை எடுத்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நேராக அவர் தலையில் கவிழ்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"கோட்டை விட்டீங்கன்னு நினைச்சேன். குல்லா விட்டிருக்கீங்க" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு துணிக் கட்டத்துக்காக ஒரு மனிதன் இப்படி உட்கார்ந்துவிடலாமா என்றால், உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அப்போது போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அல்லவா. எடுத்தால், வழக்கமான அழைப்பு இல்லை, வீடியோ. மாப்பிள்ளையின் முகம் திரை முழுக்கத் தெரிந்தது.

"மச்சான், எல்லார் வீட்டுக் கட்டமும் வந்துடுச்சு, உங்களுது மட்டும்தான்..." என்று ஆரம்பித்தவர், நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தார். "என்ன மச்சான், தலையில?"

பிளான்காரர் கையைத் தலைக்குக் கொண்டுபோனார். குல்லா அங்கேயே இருந்தது. திரையில் தெரியாத இடத்திலிருந்து 'க்ளுக்' என்று ஒரு சத்தம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டால் வருமே, அந்தச் சத்தம். தங்கை அங்கேதான் இருந்தாள். திரையின் ஓரத்தில் அவள் முழங்கையும், மடியில் கிடந்த டேப்பின் நுனியும் மட்டும் தெரிந்தன.

"இதான் கட்டம்" என்றார் பிளான்காரர், பரிதாபமாக.

"இதான் கட்டமாம்" என்றார் மாப்பிள்ளை, பக்கத்தில் திரும்பி.

"தலையில இருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்க."

"மச்சான், தலையில இருந்து..."

எடுத்துக் காட்டினார். பின்பக்கம் காட்டச் சொன்னாள், காட்டினார். முழங்கை கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. டேப்பின் நுனியை விரல்கள் சுருட்டின, பிரித்தன, சுருட்டின.

"முக்கோணத்துக்குத் தையலுக்கு எவ்வளவு விட்டாருன்னு கேளுங்க."

"எவ்வளவு விட்டீங்கன்னு..."

"சுத்திலும் கால் அங்குலம்னு சொல்லுங்க மாப்ள. நாலு நூல் கூட்டி, மூணரைச் சதுரத்தக் குறுக்க வெட்டினேன்." தச்சர்களோடு பழகிய வாய், அவர் எதையும் நூல் கணக்கில்தான் சொல்வார். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒன்று ஒரு நூல். "என் அளவுல தப்பே இல்ல. துணி இழுக்குது."

"துணி இழுக்குதாமா?" தங்கையின் குரல் ஒரு படி ஏறியது. "குறுக்க வெட்டினா அங்க புதுசா ஒரு ஓரம் வருது இல்ல, சாய்வா, அதுக்குத் தையலுக்குத் துணி யார் விடுவாங்கன்னு கேளுங்க. சாய்ஞ்ச ஓரத்துக்கு விடணும்னா நேர் ஓரத்துல எவ்வளவு கூடும்னு யோசிச்சாரான்னு கேளுங்க."

மாப்பிள்ளை திரையைப் பார்த்தார். "மச்சான், சாய்வா ஒரு ஓரம்... அதுக்கு நேரா..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குக் கண்ணாடியப் பத்திக் கேளுங்க மச்சான், சொல்றேன். இது எனக்குப் பிடிபடல."

பிளான்காரருக்குக் காதில் எல்லாமே விழுந்திருந்தது. ஆனால் இங்கே ஒரு வழக்கம் இருக்கிறதே. மாப்பிள்ளை சொல்லாததை அவர் கேட்கக் கூடாது. கேட்டால் வீம்பு என்னாவது? அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், நடுவில் உப்பியிருந்த அந்த மஞ்சள். அதுதான் எல்லாத்துக்கும் காரணம். வீட்டு வேலையில் சுவர் பிதுங்கினால் என்ன செய்வார்கள்? கொத்தி எடுப்பார்கள்.

"நடுவுலதான் அதிகம். அங்க முக்கால் அங்குலத்த வெட்டி எடுத்துட்டு மடிச்சுத் தைச்சா சரியாயிடும்" என்றார். பெரிய கத்திரிக்கோலை எடுத்தார். மஞ்சள் சதுரத்தின் நட்டநடுவில் வாயைத் திறந்து வைத்தார்.

"டேய் அண்ணா, கத்திரியக் கீழ வை!"

திரையே ஆடியது. மாப்பிள்ளையைத் தள்ளிவிட்டுக்கொண்டு தங்கையின் முகம் வந்து நின்றது. முடி கலைந்து, கண் இரண்டும் விரிந்து, பல்லுக்கு நடுவில் ஒரு ஊசியோடு.

பிளான்காரரின் மனைவி சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். பிளான்காரர் கத்திரிக்கோலை மெதுவாக, ரொம்ப மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"மாப்ள," என்றார் சன்னமான குரலில், "அவ இப்போ பேசினது எங்கிட்டயா, உங்ககிட்டயா?"

"இவர் என்ன கத்திரிய வெச்சுக்கிட்டா உக்காந்திருக்காரு?" என்றாள் தங்கை. ஊசியை எடுத்துத் தோள்பக்கத் துணியில் குத்திக்கொண்டாள். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும், ஒரு நிமிஷம் முகத்தை எங்கே திருப்புவது என்று தெரியாமல் தவித்தாள். அப்புறம் கட்டத்தின் மேல் இருந்த எரிச்சல் ஜெயித்துவிட்டது. "முதல்ல அந்தத் தையலையெல்லாம் பிரி. சதுரமெல்லாம் சரி, அதைத் தொடாத. முக்கோணம் மட்டும்தான் தப்பு. சதுரத்துக்கு நாலு நூல் கூட்டின இல்ல, முக்கோணத்துக்கு ஏழு நூல் கூட்டணும். மூணு அங்குலம் ஏழு நூல்ல சதுரம் வெட்டி, அதைக் குறுக்க வெட்டு. இழுக்காத. பிடிக்காத. தானா வந்து உக்காரும்."

"சரி" என்றார் அவர்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

அவருக்குப் புரிந்ததெல்லாம், அவள் தன்னைப் பார்த்துப் பேசுகிறாள் என்பதுதான். கண்ணாடிக்குள் கண் நனைந்து, எழுத வேண்டிய தாள் கலங்கித் தெரிந்தது. ஏழு நூல் என்று குறித்துக்கொண்டார். குறித்த கை சும்மா இருக்கவில்லை. எப்படி ஏழு வந்தது? பக்கத்தில் ஒரு முக்கோணம் போட்டார். சாய்ந்த கோட்டுக்குக் கால் அங்குலம் உள்ளே இன்னொரு கோடு. இரண்டின் வர்க்கமூலம், கால், அதோடு கால், அதோடு கால். கூட்டினார். பென்சில் நின்றது.

ஏழு நூல் இல்லை. ஏழு நூலுக்குக் கொஞ்சம் கீழே. அரை மில்லிமீட்டர் அவள் கணக்கில் அதிகம்.

இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். அதே விடை. அவர் நாக்கு நுனிக்கு ஏறிவந்த அந்த வாக்கியம் என்ன என்று அவருக்கே நன்றாகத் தெரியும். நீ சொன்ன அளவு தப்பு. இதே வாக்கியத்தைச் சொல்லித்தானே இத்தனை வருஷம் மழை பெய்கிறதா என்பதைக்கூட மூன்றாவது ஆள் மூலம் தெரிந்துகொண்டிருந்தார். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டார். ஒரு பிசகைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பது அந்த மனிதரின் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. நெற்றியில் வியர்த்துவிட்டது. தாளைக் குப்புறக் கவிழ்த்து அதன்மேல் முழங்கையை வைத்துக்கொண்டார்.

"என்ன எழுதின?" என்றாள் தங்கை.

"ஒண்ணுமில்ல. நீ சொன்னதத்தான்."

"கணக்குப் போட்ட."

"இல்லையே."

"பொய் சொல்லாதண்ணா. உதட்டக் கடிச்சா நீ மனசுல ஏதோ வெச்சுக்கிட்டு இருக்கன்னு அர்த்தம். ஏழு நூல் அதிகம்னு வருதா?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கண்ணாலேயே, வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று கெஞ்சினாள். மாப்பிள்ளை திரையின் ஓரத்தில் அரை முகமாகத் தெரிந்தார், அந்த அரை முகமும் கெஞ்சியது.

"நீ சொன்னா அது சரியாத்தான் இருக்கும்மா" என்றார் பிளான்காரர். குரல் கரகரத்தது. "இப்போதான் பேசியிருக்க. விட்டுடு."

தங்கை மாப்பிள்ளையின் பக்கம் தலையை ஆட்டினாள்.

"இந்த வீட்டுல நான் எதைச் சொன்னாலும் இவர் சரிம்பார். வெள்ளைய நீலம்னு சொன்னாலும் சரிம்பார்."

"சரிதான்" என்றார் மாப்பிள்ளை.

"பாத்தியா? தைக்கக் கொடுக்க வர்றவங்களும் அப்படித்தான், நான் சொன்னதுதான் அளவு. இல்லன்னு சொல்ல ஒரு ஆள் கிடையாது. இத்தனை வருஷமா எங்கூட மல்லுக்கு நிக்க ஒருத்தர் இல்லாம நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன்னு உனக்குத் தெரியுமாண்ணா?" சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் கடைசியில் குரல் உடைந்தது. புறங்கையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். "இப்ப நீயும் சரின்னு சொல்லாத. சொல்லு, என்ன வந்துது?"

பிளான்காரர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தார், கண்ணாடியையும் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். கவிழ்த்து வைத்த தாளைத் திருப்பினார். நாற்காலியை முன்னுக்கு இழுத்து, போனைத் தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்து நிறுத்திக்கொண்டு, முக்கோணத்தை அவள் பார்க்கும்படி பென்சிலால் தட்டிக் காட்டினார்.

"அப்படின்னா கேளு," என்றார், "நீ சொன்ன அளவு தப்பு."